எதிர்நிறை: ஓர் ஆங்கிலச் சொல்லும் நம் வாழ்வும்

(வெள்ளி விழாவையொட்டிக் குரோம்பேட்டையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் கழகத்தின் வரலாற்றைப் பேச வேண்டும் என்பதே நண்பர்களின் விருப்பம். அதனைப் பேசத் தக்கவர்கள் மேடையில் பலர் உள்ளனர். நாமோ கரும்பலகையின் அருகில் நின்றே பழகியவர்கள். ஆதலின் இன்று ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பேச முன்வந்துள்ளோம். அச்சொல் ‘கவுன்ட்டர்பாலன்ஸ்’ என்பதாகும்.

இச்சொல்லை ஏன் தேர்ந்தோம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மாலை வகுப்பில் படித்துப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். எந்த அலுவலகம் என்பது ஈண்டு வேண்டா. கேள்வி கேட்டவர்களுள் ஒருவர் அவருடைய சான்றிதழைப் புரட்டிவிட்டு, “உங்களுக்குக் கொடுக்கும் சலுகையைத் திறமையால் கவுன்ட்டர்பாலன்ஸ் செய்ய முடியுமா?” என்று வினவினார். நம் இளைஞர்க்கு அச்சொல்லின் பொருள் விளங்கவில்லை. தலைகுனிந்து இருந்துவிட்டு எழுந்து வந்தார். மறுநாள் மாலை வகுப்பிற்கு வந்து, “ஐயா, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று கேட்டார்.

பொருளைச் சொன்னோம். சொல்லும்போதே ஓர் உண்மை நமக்குப் புலப்பட்டது. அன்று அச்சொல்லின் பொருளை அறியாதவர் நம் இளைஞர் மட்டும் அல்லர். கேள்வி கேட்டவரும் அதனை அறிந்திலர். இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பும் வழக்கும்

‘பாலன்ஸ்’ என்னும் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘பி’ என்றால் இரண்டு. ‘லாங்க்ஸ்’ என்றால் தட்டு. இரு தட்டுகளை உடைய தராசே அச்சொல்லின் முதற்பொருள். ‘கவுன்ட்டர்’ என்பது ‘கான்ட்ரா’ என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. எதிராக என்பது அதன் பொருள். ஆகவே ஒரு தட்டில் முன்னமே உள்ள பாரத்திற்கு எதிராக மறுதட்டில் பாரம் வைத்துக் கோலை நேர்நிறுத்துதலே கவுன்ட்டர்பாலன்ஸ். பெயர்ச்சொல்லாக வரும்பொழுது அவ்வாறு வைக்கப்படும் பாரத்தையே அது குறிக்கும். தமிழில் எதிர்நிறை எனலாம்.

மாணவர்கள் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சொல்லாயின் முதலசையை அழுத்திச் சொல்ல வேண்டும். வினைச்சொல்லாயின் ‘பா’ என்னும் அசையில் அழுத்தம் விழும். பெயர்ச்சொல்லின் பின் ‘டு’ என்னும் முன்னிடைச்சொல் வரும். செயப்பாட்டு வினையாயின் ‘பை’ வரும்.

இதனோடு குழப்பிக்கொள்ளத்தக்க உறவுச் சொற்கள் சில உள்ளன. ‘கவுன்ட்டராக்ட்’ என்பது ஒன்றன் செயலை எதிர்த்து முறித்தல். நஞ்சினை மருந்து முறிப்பது அத்தகையது. எதிர்நிறையோ எதிர்ப்பக்கத்துப் பாரத்தை அழிப்பதில்லை. அப்பாரம் அங்கேயே இருக்கும். அதன் சாய்க்கும் வலிமை மட்டும் செல்லாதுபோகும். ‘ஆஃப்செட்’ என்பது பெரும்பாலும் கணக்கேட்டில் வரவையும் செலவையும் நேர்செய்யும் இடத்தில் வரும். ‘காம்பன்சேட்’ என்னும் சொல்லை இழப்பீடு கொடுத்தல் என்ற அளவில் அறிந்திருக்கிறோம். அதன் இலத்தீன் மூலத்திற்கு ஒன்றோடொன்றை வைத்து நிறுத்தல் என்பதே பொருள். அதுவும் தராசில் பிறந்த சொல்லே.

நம் தாய்மொழியில் இதற்கு நிகராக ‘ஈடு’ என்னும் அரிய சொல் இருக்கிறது. ஈடுகொடுத்தல், ஈடுகட்டுதல், ஈடுசெய்தல் என்று நாள்தோறும் பேசுகிறோம். ‘ஓடுகிறவனுக்கு ஈடுகொடுத்து ஓடினான்’ என்கிறோம். ஒருவன் தனக்கு ஈடு தரவேண்டும் என்று கேட்டால், தான் ஒன்றை முன்னரே இழந்திருப்பதைச் சொல்கிறான் என்று பொருள். சலுகை என்ற சொல்லில் இந்நினைவு இல்லை. சலுகை கொடுப்பவனுடைய இரக்கத்தில் பிறப்பது. ஈடு பெறுபவனுடைய இழப்பில் பிறப்பது. இவ்விரண்டினையும் ஒன்றாக எண்ணுவதனால்தான் நம் பிள்ளைகள் தலைகுனிய நேர்கிறது.

கண்முன் உள்ள சான்றுகள்

இரயில்வே கேட்டில் காத்து நின்றறியாதார் நம்முள் இலர். வண்டி சென்றதும் அந்நீண்ட கம்பம் எவ்வளவு எளிதாக மேலெழுகிறது! கம்பத்தின் குட்டையான பின்பகுதியில் இரும்புப் பாரங்கள் பொருத்தப்பட்டிருப்பதே காரணம். அப்பாரம் இல்லையேல் நான்கு பேர் கூடினும் கம்பத்தை அவ்வாறு உயர்த்த இயலாது. பின்னால் தொங்கும் இரும்பைப் பார்த்து, ‘கம்பத்திற்குச் சலுகை காட்டிவிட்டார்கள்’ என்று எவரேனும் சொன்னதுண்டா? வழி திறக்க வேண்டுமாயின் அவ்விரும்பு வேண்டும் என்பது யாவர்க்கும் தெரியும்.

இங்கே நெம்புகோல் விதியையும் நினைவிற்கொள்ள வேண்டும். நடுப்புள்ளியிலிருந்து 3 மீட்டர் தொலைவில் உள்ள 10 கிலோ எடையை நேர்நிறுத்த, மறுபுறம் 1 மீட்டர் தொலைவில் 30 கிலோ வைத்தாக வேண்டும். எடை மட்டும் கணக்கன்று, தொலைவும் கணக்கு. பத்துக்குப் பத்து வைத்தால் சமம் என்பான் தராசை மட்டும் கண்டவன்; நெம்புகோலைக் கண்டவன் அவ்வாறு சொல்லான். ஆறு தலைமுறைக்கு முன் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்த சிறு நிலமும் சிறு எழுத்தறிவும் காலத்தால் தொலைவு கூடக்கூட மிகப் பெரிய பாரமாகிவிடுகின்றன. நேற்றுப் பள்ளிக்குச் சென்ற குடும்பம் நடுப்புள்ளிக்கு அருகிலேயே நிற்கிறது. அதன் பக்கம் மிகுதியாக வைத்தால்தான் கோல் நேர்நிற்கும்.

நாம் கூடியுள்ள இவ்வூரின் பெயரைப் பாருங்கள். குரோம் லெதர் கம்பெனி என்னும் தோல் ஆலையின் பெயராலேயே இது குரோம்பேட்டை ஆயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சென்னையில் புகுத்தினார். அத்தொழிலிலும் எதிர்நிறை உண்டு. சுண்ணாம்பு நீக்கிய தோலைக் குரோம் ஏற்பதற்கு முன் அமிலத்தில் இட வேண்டும். வெறும் அமிலத்தில் இட்டால் தோல் ஊதிக் கெட்டுவிடும். ஆகவே முதலில் உப்புக் கரைசலில் உருட்டி, அதன் பின்னரே அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். அமிலத்தின் வேலை நடந்தாக வேண்டும். அதன் கேடு நேரக்கூடாது. உப்பு அமிலத்திற்கு ஈடுகொடுத்து நிற்பதனால் தோல் தோலாக நிலைக்கிறது. தோல் ஆலைகளில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கு அமர்ந்திருக்கின்றீர்கள். இப்பாடம் உங்கள் பாட்டனார்களின் கைகளுக்குத் தெரிந்திருந்தது. நூலில் எழுதும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்வோம். மின் இறைப்பி வருமுன் செங்கற்பட்டுச் சீமையின் கிணறுகளில் ஏற்றம் இறைத்தனர். ஒருவர் சாலைப் பிடித்து நீர் மொள்ள, மற்றவர் மேலே ஏற்ற மரத்தின்மீது முன்னும் பின்னும் நடப்பார். அவருடைய உடலே எதிர்நிறை. அவர் பின்னோக்கி நடந்தால் சால் மேலே வரும். அவ்வாறு மிதித்தவர்களுள் மிகப் பலர் நம் முன்னோர். தம் உடலையே எதிர்நிறையாக்கி இறைத்த நீர் பாய்ந்ததோ பிறருடைய வயலில்! எதிர்நிறை என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. பிறர் வயலுக்காக நாம் எதிர்நிறையாக நின்ற காலம் நெடிது. நம் பிள்ளைகளின் வாழ்வுக்காக எதிர்நிறை கேட்கத் தொடங்கிய காலம் மிகக் குறுகியது.

வரலாற்றில் இச்சொல்

அப்படிக் கேட்ட வரலாற்றின் ஒரு தொடக்கம் நம் மாவட்டத்திலேயே உள்ளது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதில் அவர் காட்டிய ஒரு செய்தி நாம் ஊன்றிக் கருதத்தக்கது. தரிசு நிலத்தைப் பெறுவதில் மிராசுதார்களுக்கு முன்னுரிமை இருந்தது. வேறொருவன் விண்ணப்பித்தாலும் முதலில் மிராசுதாரைக் கேட்டாக வேண்டும். உழுது பயிரிட்ட கைகளுக்கு ஒரு துண்டு நிலம் கிட்டாமல் போனதற்கு இது ஒரு பெருங்காரணம்.

தோழர்களே, இது ஓர் இட ஒதுக்கீடு அன்றோ? பிறப்பினால் வந்த முன்னுரிமை அன்றோ? ஆனால் அதற்கு எவரும் சலுகை என்று பெயரிடவில்லை. உரிமை, மரபு, மாமூல் என்றே அழைத்தனர். ஒரு தட்டில் இருந்த பாரம் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுதட்டில் வைக்க முயன்ற பாரம் மட்டும் எல்லோர் கண்ணையும் உறுத்தியது.

அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892-ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதுவே. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்றலாகாது. பின்னரும் தாழ்த்தப்பட்டோர்க்கன்றிப் பிறர்க்கு விற்றலாகாது என்பது நிபந்தனை. எதிர்நிறையை எவரும் கழற்றிக்கொண்டு போகாதிருக்கப் போட்ட பூட்டு அது. பூட்டு உடைக்கப்பட்டு நிலங்கள் பல கைமாறிய கதையை நாம் அறிவோம். அவற்றை மீட்க எழுந்த போராட்டத்தில் 1994-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். எதிர்நிறையை வைப்பதைவிடக் காப்பது கடினம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அண்ணல் அம்பேத்கர் இக்கருத்தைக் கணக்காகவே எழுதிக் காட்டியவர். 1945-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் பம்பாயில் நடைபெற்ற தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பு மாநாட்டில் அவர் ஓர் அரிய திட்டத்தை முன்வைத்தார். சிறுபான்மையினர்க்கு மக்கள்தொகைக்கு மேற்பட்டு அளிக்கும் இடங்களை அக்காலத்தில் ‘வெயிட்டேஜ்’ என்றனர். வெயிட் என்றால் எடை என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கூடுதல் எடையை எந்த அளவில் பகிர்வது? சமூக நிலை, பொருளாதார நிலை, கல்வி நிலை ஆகியவற்றிற்குத் தலைகீழ் விகிதத்தில் பகிர வேண்டும் என்றார் அண்ணல். நிலை தாழத் தாழ எடை கூட வேண்டும் என்பது கருத்து. அத்திட்டத்தின்படி நடுவண் சட்டமன்றத்தில் இந்துக்களுக்கு 40 விழுக்காடு, முசுலிம்களுக்கு 32, தாழ்த்தப்பட்டோர்க்கு 20, சீக்கியர்க்கு 4, இந்தியக் கிறித்தவர்க்கு 3, ஆங்கிலோ இந்தியர்க்கு 1 என்று வகுத்தார். எந்த ஒரு வகுப்பும் தனித்து அறுதிப் பெரும்பான்மை பெற்றுப் பிறரை மிதிக்கலாகாது என்பதே உட்கிடை. அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் தராசைக் கையில் பிடித்துக்கொண்டு அரசியல் சட்டத்தைச் சிந்தித்தவர் அவர் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

குடியரசு மலர்ந்த பின் இவ்வழக்கு நீதிமன்றம் ஏறியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி கல்லூரி இடங்கள் 14-இல் ஆதிதிராவிடர்க்கு 2 ஒதுக்கப்பட்டு வந்தன. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாது என்றது. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15-ஆம் உறுப்பில் 4-ஆம் கூறு சேர்ந்தது. 1962-இல் மைசூர் மாநிலத்துப் பாலாஜி வழக்கில் அக்கூறு சமத்துவத்திற்கு ஒரு விதிவிலக்கு என்றே கொள்ளப்பட்டது. விதிவிலக்கு என்றால் சலுகை என்பதற்குச் சட்டச் சொல் என்று கொள்க.

1975-ஆம் ஆண்டு தாமஸ் வழக்கு வந்தது. கேரள அரசு துறைத் தேர்வில் தேறுவதற்குத் தாழ்த்தப்பட்ட, பழங்குடி எழுத்தர்களுக்கு மேலும் 2 ஆண்டுக் காலம் அளித்திருந்தது. தேர்வே வேண்டா என்று சொல்லவில்லை. காலம் மட்டும் கூட்டித் தந்தது. ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் பெரும்பான்மையால் அதனை ஏற்றது. இத்தகைய ஏற்பாடு சமத்துவத்திற்கு விலக்கன்று, சமத்துவத்தின் ஒரு கூறே என்னும் கருத்து அவ்வழக்கில் வலுப்பெற்றது. 1992-ஆம் ஆண்டு இந்திரா சாகனி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பும் வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டை இவ்வாறே கண்டது. விதிவிலக்கு என்ற சொல்லிலிருந்து சமத்துவத்தின் கூறு என்ற சொல்லுக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. சொல்தானே என்று எண்ணுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

கேள்வியைத் திருப்பிப் போடுவோம்

இனி அந்த நேர்முகத் தேர்வுக்குத் திரும்புவோம். சலுகையைத் திறமையால் எதிர்நிறை செய்ய வேண்டும் என்றார் கேட்டவர். அவருடைய தராசில் ஒரு தட்டில் சலுகை, மறுதட்டில் திறமை. அஃதாவது ஒதுக்கீட்டைத் திறமைக்குப் பகையாக நிறுத்தினார். அந்தத் தராசே பிழையானது. ஒரு தட்டில் நூற்றாண்டுகளாக ஏறிய முன்னுரிமை இருக்கிறது. மறுதட்டில் வைத்த எதிர்நிறையே ஒதுக்கீடு. திறமை எந்தத் தட்டிலும் இல்லை. கோல் நேர்நின்ற பின் இருபுறத்தாரின் உண்மையான திறமையும் வெளிப்படும். கோல் சாய்ந்திருக்கும்போது திறமை என்று அளக்கப்படுவதில் பாதி, பாட்டன் சேர்த்து வைத்த எடை.

வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். அக்கோல் முதலில் தன்னைச் சமன்செய்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே பிறவற்றை நிறுக்க வேண்டும். ‘இருபக்கமும் பார்த்து நடுநிலையாகப் பேசுகிறோம்’ என்பார் சிலர். சாய்ந்த கோலின் நடுவில் நிற்பவன் நடுநிலையாளன் ஆகான். நடுவில் நிற்பது எளிது. கோலை நேர்நிறுத்துவதே நடுவுநிலைமை.

இவ்விதியை நம் வீட்டுக்குள்ளும் செலுத்த வேண்டும். நமக்குள்ளும் ஏறிய தட்டு, இறங்கிய தட்டு உண்டு. தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கான 18 விழுக்காட்டிற்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு 2009-இல் ஒதுக்கப்பட்டபோது நம்மவருள் சிலர் மனம் சுளித்தனர். நம்மைப் பார்த்துப் பிறர் சொன்ன அதே சொற்களை நாம் அருந்ததியத் தோழர்களைப் பார்த்துச் சொல்லலாமா? 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஆயம், பட்டியலுக்குள் உள்பகுப்பு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. நிலை தாழத் தாழ எடை கூட வேண்டும் என்று அண்ணல் சொன்னது நமக்கு ஆகும்பொழுது மட்டும் உண்மையாகிவிடாது. அவ்வாறே நம் இல்லங்களில் மகனுக்கு விளக்கும் மேசையும், மகளுக்கு அடுப்பும் தம்பியும் என்று இருக்குமாயின், அவ்வீட்டுத் தராசையும் நேர்நிறுத்துவது நம் கடன். மாலை வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு முதல் வரிசையை விட்டுவைத்திருப்பதன் காரணம் இதுவே. அதற்காக வருந்திய பையன்கள் இன்று காரணம் அறிந்திருப்பீர்கள்.

இறுதியாக ஒன்று. எதிர்நிறை ஒருமுறை வைத்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். மின்தூக்கியின் எதிர்நிறையைப் பொறியாளர்கள் வெறும் கூண்டின் எடைக்கு மட்டும் அமைப்பதில்லை. அது ஏற்றவல்ல பாரத்தில் ஏறத்தாழப் பாதியையும் கூட்டியே அமைப்பர். ஏற வேண்டியவர்களை எண்ணி எடையை முடிவு செய்கின்றனர். நம் கழகமும் அவ்வாறே. இங்கு ஏற்றப்படும் ஒவ்வொரு விளக்கும், ஒருவர் படித்து இன்னொருவருக்குக் கொடுத்துச் செல்லும் ஒவ்வொரு பழைய புத்தகமும், வேலைக்குச் சென்ற பின் சனிக்கிழமை மாலையில் திரும்பி வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வோர் இளைஞனும் இளம்பெண்ணும் அத்தட்டில் விழும் எடைகள். சட்டம் தரும் எடை ஒன்று. நாமே சேர்க்கும் எடை மற்றொன்று. முன்னதைக் காப்பதற்கும் பின்னதே துணை.

அந்த இளைஞர் மீண்டும் ஒரு நேர்முகத் தேர்வுக்குச் செல்லவிருக்கிறார். அதே கேள்வி வருமாயின் என்ன சொல்வீர் என்று வகுப்பில் கேட்டோம். அவர் எழுந்து நின்று, “ஐயா, எனக்குக் கொடுத்தது சலுகை அன்று, அதுவே கவுன்ட்டர்பாலன்ஸ். இனி என் வேலையைப் பார்த்து என்னை நிறுத்துக்கொள்ளுங்கள் என்பேன்” என்றார். ‘பா’ என்னும் அசையை அழுத்தி விட்டார். அது பெயர்ச்சொல், முதலசையில் அழுத்தம் வேண்டும் என்று திருத்தினோம். வகுப்பு முழுதும் சிரித்தது, அவரும் சிரித்தார். தலைகுனிந்து வந்த பிள்ளை தலைநிமிர்ந்து சிரித்ததைக் கண்டபொழுது, இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் என்ன செய்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்ததாக உணர்ந்தோம்.

 வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் கல்விக் கழகம்! ஜெய்பீம்.